மாப்பிள்ளைக்கு வாங்கிய மழைக்கோட்டு

“எனக்கு டபுள் எக்ஸெல்லா? நான் என்ன அம்புட்டுக் குண்டாவா இருக்கேன்?” என்று காரைக்குடி ரெயின்கோட் கடை வாசலில் பூமிநாதன் கத்துகிறான். “நிக்கிறப்ப சின்னதும் சரியாத்தேன் இருக்கும். வண்டியில உக்காந்து பாருங்க, தெரியும்!” என்று கடைக்காரி சத்தியப்பிரியாவும் விடுவதாக இல்லை. நாளை கொத்தமங்கலத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். காரில் அத்தைமார் ஏறியது போக மாப்பிள்ளைக்கு இடமில்லை. ஐப்பசி மழையில் பைக்தான். சின்ன அளவையே மாட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு வண்டியில் உட்காருகிறான். நீல மழைக்கால்சட்டை முழங்காலுக்கு ஏறுகிறது, தொடையிடுக்கில் தையல் பல்லைக் காட்டுகிறது. அவள் பாட்டில் தண்ணீரை அவன் மடியில் ஊற்றுகிறாள். குளம் கட்டிய நீர் மெல்ல உள்ளே இறங்குகிறது. “இந்த எடத்துல ஈரத்தோட போயி நின்னா பொண்ணு வீட்டுல என்ன நெனைப்பாக?” எதிர் டீக்கடையே சிரிக்கிறது; கடைசியில் அவனும். கூடாரம் போன்ற மஞ்சள் டபுள் எக்ஸெல்லை மாட்டிக்கொண்டு, தகரக் கூரையிலிருந்து கொட்டும் மழைக்கு நேர் கீழே போய் நிற்கிறான். சடசடவென்று விழுகிறது, உள்ளே சட்டை மொடமொடப்புக் குறையாமல் இருக்கிறது. அவனும் அவளும் சிரித்த சிரிப்பைப் பார்த்துத் தெருவே இருவருக்கும் முடிச்சுப் போட்டது. அவனோ மறுநாள் நனையாமல் போய்ப் பார்த்த உமையாளையே தையில் கட்டிக்கொண்டான். சத்தியப்பிரியா ஓசூருக்கு வாக்கப்பட்டுப் போனாள். ஏமாந்தது தெருதான்.