ஒச்சம்மாள் கொடுத்த புகார்

ஒச்சம்மாள் உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிப் போட்டிருந்தாள். காளீஸ்வரனின் கார் அதன் முன்னால் தயங்கி நின்றது.

"ஏத்தியே வாங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று கையை வீசினாள்.

மல்லாங்கிணறு ரோட்டில் போகிற கார், பஸ், லாரி எல்லாம் அவளுக்குக் கூலி கேட்காத ஆட்கள். மதுரையிலிருந்து விசாரணைக்கு வந்த பெரிய மனிதரும் தன் பங்குக்குக் கொஞ்சம் உளுந்தை அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

வேப்ப நிழலில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார்.

விஷயம் இதுதான். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஷர்மிளா பானு நெறி ஆலோசகர். வெண்டிலேட்டரை எடுப்பதா வேண்டாமா, நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று டாக்டரும் குடும்பமும் முட்டிக்கொண்டு நிற்கும்போது, நடுவில் உட்கார்ந்து எது நியாயம் என்று பேசுகிற வேலை. இத்தனை நாள் அனுபவம் இருந்தால் போதும் என்று விட்டிருந்தார்கள். இப்போது அதற்கும் பரீட்சை, சான்றிதழ் எல்லாம் வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து சான்றிதழ் இல்லாதவருக்கு அந்த வேலை கிடையாது.

பரீட்சையில் ஷர்மிளா பானுதான் முதல்.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரிந்த யாரோ, ஆளின் குணத்தையும் விசாரிக்க வேண்டும் என்று விதியில் சேர்த்து வைத்திருந்தார்கள். குணத்தைப் பற்றி ஒரு புகார் நிலுவையில் இருந்தாலும் சான்றிதழ் தர முடியாது. அதை விசாரிக்கத்தான் காளீஸ்வரனை அனுப்பியிருந்தார்கள்.

ஒரே ஒரு புகார் இருந்தது. ஒச்சம்மாள் கைநாட்டு வைத்த புகார். ஷர்மிளா பானு ஈவிரக்கம் இல்லாதவள் என்று ஆரம்பித்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒச்சம்மாளின் புருஷன் வீரணனுக்கு ஈரலில் புற்று. வயிற்றுப்புண் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வாய் தவறி யாரும் உளறிவிடக் கூடாது என்று வீடே கட்டுப்பாடாக இருந்தது. ஒருநாள் வீரணன் ஷர்மிளா பானுவைக் கூப்பிட்டு, நான் பிழைப்பேனா என்று நேருக்கு நேர் கேட்டார்.

அவள் பொய் சொல்லவில்லை.

அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார். நீயுமா என்னிடம் மறைத்தாய் என்று ஒச்சம்மாளிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். அதன் பிறகு அவளோடு பேசவே இல்லை.

காளீஸ்வரனுக்கு ஷர்மிளா பானு மேல் அனுதாபம்தான். கேட்டவனிடம் உண்மையைச் சொன்னதற்கா ஒருத்தியின் பிழைப்பைக் கெடுப்பது என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே வந்திருந்தார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறீர்களா அம்மா என்று பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார்.

"எதுக்கு வாங்கணும்? அன்னைக்கும் தப்புதான், இன்னைக்கும் தப்புதான்."

சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

காளீஸ்வரனுக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. யாரோ தூண்டிவிட்டு எழுதிய புகார் என்று தெரிந்தால் தள்ளிவிடலாம். மனுவைப் பார்த்த நாளிலிருந்தே அவருக்கு அந்தச் சந்தேகம் உண்டு. தேதி, நேரம், வார்டு நம்பர் என்று எதுவும் விட்டுப்போகவில்லை, எழுத்து முத்து முத்தாக இருந்தது. கைநாட்டு வைக்கிற மனுஷிக்கு இதெல்லாம் எங்கே தெரியும். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஷர்மிளா பானுவுக்கு ஆகாத யாரோ பார்த்த வேலை என்று முடிவே கட்டியிருந்தார்.

இதை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார்.

"அந்தப் பிள்ளைதான்" என்றாள் ஒச்சம்மாள்.

எந்தப் பிள்ளை என்று அவர் நிமிர்ந்தார்.

"ஆஸ்பத்திரியில மத்தவுக எல்லாம் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு வெரட்டுனாக. அந்தப் பிள்ளைகிட்டயே போயி, உன் மேலதான் புகார் கொடுக்கணும், எனக்கு எழுதத் தெரியாதுன்னேன். உக்காரச் சொல்லி எழுதுச்சு. நான் வஞ்சதுல ஒரு சொல்லு கொறைக்கல. முழுசாப் படிச்சுக் காமிச்சிட்டு, வேற ஏதும் விட்டுப்போச்சாம்மான்னு கேட்டுச்சு. ஒண்ணு சொன்னேன்."

காளீஸ்வரன் மனுவின் அடியைப் பார்த்தார். கைநாட்டுக்குச் சற்று மேலே, இடம் போதாமல் பிறகு நெருக்கிச் சேர்த்த ஒரு வரி. கையெழுத்து அதேதான், ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

'இவரை இந்த வேலையில் வைத்திருக்கக் கூடாது.'