சிவப்பு விழுந்த இடம்

"மெஷின் ஆடுற மாதிரியேதான் ஆடியிருக்கா" என்றான் பிரேபென், கழகத் தலைவன்.

பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கேமன் ஆட்டத்துக்கான ஆல்போர்க் கழகமே மடிக்கணினியைச் சுற்றி நின்றது. மேசை நடுவில் கோப்பை, இன்னும் பெயர் பொறிக்கப்படாமல்.

என் மகள் டாக்னி கைகட்டி உட்கார்ந்திருந்தாள். இறுதிப் போட்டியில் கைப்பேசியை ஒளித்துப் பார்த்து ஆடினாள் என்பது புகார். தோற்றவர் கொடுத்த புகார் அல்ல. மற்றவர்கள் கொடுத்தது.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிடப்பட்ட பழைய பேக்கேமன் நிரல் ஒன்றை, உலாவியிலேயே ஓடும்படி மாற்றியவள் அவள். பழையதும் புதியதும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று குளிர்காலம் முழுக்க ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதன் ஆட்டம் அவள் கையில் ஏறிவிட்டது.

இப்போது அவள் உருவாக்கிய அதே வலைப்பக்கத்தில் அவளுடைய இறுதி ஆட்டத்தையே போட்டுச் சோதித்தார்கள்.

"அவ செஞ்சதையே சாட்சிக்கு வைக்கிறியே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வேற ஆட்டங்களப் பழைய நிரல்லயும் போட்டுப் பாத்துட்டுத்தான் வரேன். ரெண்டும் ஒண்ணுதான் சொல்லுது" என்றான் பிரேபென்.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பச்சை விழுந்தது. பச்சை என்றால் இயந்திரத்தின் பதிலும் அதுவே.

எங்கள் க்ராபே குடும்பத்தில் திருட்டு ஆட்டம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்னி கண்ணாலேயே அடக்கினாள்.

திடீரென்று சிவப்பு.

பந்தயத்தை இரட்டிப்பாக்க அவள் அழைத்த இடம். ஏற்க மறுப்பவர் அந்த ஆட்டத்தையே விட்டுவிட வேண்டும். ஆனால் அப்போது பின்தங்கியிருந்தவள் அவள்தான். வெறும் மிரட்டல்.

பிரேபென் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். "மெஷினக் கேட்டு ஆடுற எவளும் இதச் செய்யமாட்டா. சுத்த முட்டாள்தனம்."

எங்கள் வீட்டுப் பெண்ணை அப்படிச் சொன்னவனோடு வேறொரு நாளாக இருந்தால் பேச்சையே நிறுத்தியிருப்பேன். அன்று அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"புகார் தள்ளுபடி" என்றான் அவன். பிறகு திரையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான்.

அவளுடைய சிவப்புக்குக் கீழே, அதைவிட அடர்ந்த சிவப்பு ஒன்று இருந்தது. முன்னிலையில் இருந்தும் மிரண்டுபோய் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவருடையது.

மரியாதைக்காக யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

டாக்னி மட்டும் கேட்டாள். "ஏம்ப்பா விட்டீங்க?"

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"உங்கம்மா மாதிரியே முறைச்ச."