அடிமையின் சாட்சி

"வேணும்னா இவனைக் கட்டி வச்சு அடிச்சுக் கேளுங்க" என்று எவாரேஸ் ஐயா என்னைக் காட்டிச் சொன்னபோது எனக்குப் பயமே வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

ஏதென்ஸில் வழக்கு என்றால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அடிமை சும்மா சொல்வது சாட்சி ஆகாது. சவுக்கு விழ விழச் சொன்னால்தான் சட்டம் காது கொடுக்கும். அதனால் ஆளாளுக்குத் தன் அடிமையை முன்னே தள்ளி, அடித்துக் கேள் என்பார்கள். எதிராளி வேண்டாம் என்பான். பிறகு நீதிமன்றத்தில், உண்மைக்குப் பயந்துவிட்டான் பாருங்கள் என்று முழங்கலாம்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவரிடம், சாப்பிட்டுவிட்டுப் போங்களேன் என்பது மாதிரியான மரியாதை இது. யாரும் திரும்பி வந்து பந்தியில் உட்காருவதில்லை.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஐயா சொல்லியிருந்தார். "பேச்சுக்குத்தான் சொல்லப் போறேன் தம்பி. எவனும் ஒத்துக்க மாட்டான்."

பக்கத்துத் தோட்டத்துக்காரன் தெக்ஸியோஸ் ஒத்துக்கொண்டான்.

"சரி, அவனைக் குடுங்க" என்றான்.

கொல்லர் தெய்வத்தின் கோயில் வாசலில் நின்றிருந்தோம். வேலை இல்லாதவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

வழக்கு ஓர் எல்லைக்கல்லைப் பற்றியது. ஐயா அதை நகர்த்தி நாலு வரிசைத் திராட்சையைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார் என்பது தெக்ஸியோஸின் புகார். கல் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது என்பது ஐயாவின் பதில். தோட்டத்தில் அவரோடு இருந்தவன் நான் ஒருவன்தான். அடியைத் தாங்கிக்கொண்டு நான் அதையே சொன்னால் திராட்சை அவருக்கு. இல்லாவிட்டால் தெக்ஸியோஸுக்கு.

ஐயாவைப் பார்த்தேன். அவர் இன்னும் பின்வாங்கலாம். என் ஆளைத் தரமாட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். நாலு வரிசைத் திராட்சை போகும், அவ்வளவுதான்.

தூண் மண்டபத்தில் நின்று ஐயா நட்பைப் பற்றிப் பேசினால் மீன் வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்பார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை. ஆண்டானுக்கும் அடிமைக்கும் ஆன்மாவில் வித்தியாசம் இல்லை என்று அவர் சொன்ன அன்றைக்கு என் கை எழுதாமல் நின்றுவிட்டது. இந்த ஊரில் தலை நரைத்த அடிமையும் 'டேய் பையா'தான். என்னை மட்டும் அவர் தம்பி என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நாயாய் உழைத்தேன்.

"என்ன யோசனை? நாலு பேர் முன்னால விட்ட வார்த்தை" என்றான் தெக்ஸியோஸ். "தம்பிக்கு வலிக்குமேன்னு பாக்கறீங்களோ?"

கூட்டம் சிரித்தது. ஐயாவின் காது சிவந்துவிட்டது.

"கூட்டிட்டுப் போங்க" என்றார்.

திபெயோஸ் என்ற என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்தது அவர், கெட்டது நான்.

துரோகம் என்ற சொல்லை அவருக்காக எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் அப்போதுதான் தெரிந்தது.

ஆனாலும் ஒரு முடிவோடுதான் நடந்தேன். உயிரே போனாலும் கல் நகரவில்லை என்றுதான் சொல்வது. அவர் கைவிட்டார் என்பதற்காக நானும் கைவிட வேண்டுமா?

கோயிலின் பின்புறம் மேல்துணியை உருவித் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். அடிப்பவன் சவுக்கைத் தண்ணீரில் நனைத்து உதறினான்.

அப்போது ஐயா ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. அடிப்பவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலது கையில மட்டும் அடி படாமப் பாத்துக்கப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ஐயா என்னை விட்டுவிடவில்லை. ஊர் பார்க்க ஓடி வந்து, ஓர் அடிமைக்காகக் கூலிக்காரனிடம் கெஞ்சுகிறார். இதற்காக எத்தனை அடி வேண்டுமானாலும் வாங்கலாம் என்று தோன்றியது.

"நட்பைப் பத்தின புத்தகம் பாதியில நிக்குது" என்றார் அவனிடம். "திருவிழாவுக்குள்ள இவன் எழுதி முடிச்சாகணும்."

அழுகை நின்றுவிட்டது.

கல் நகர்ந்ததா என்றா கேட்கிறீர்கள்? ஓர் ஆளால் அசைக்க முடியாத கல் அது. ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன்.

இரு தரப்புக்கும் பொதுவாக நின்ற மத்தியஸ்தர், கல் நகர்ந்ததா என்ற கேள்வியைப் படித்தார். உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இப்போதே சொன்னால் அது வெறும் அடிமைப் பேச்சு, சட்டத்தில் செல்லாது.

பல்லைக் கடித்துக்கொண்டு, முதல் அடி எப்போது விழும் என்று காத்திருந்தேன்.