துக்க வீட்டுக்கு என்ன கலர்

லேப்டாப்பை சார்லஸ் அண்ணன் பக்கம் திருப்பி வைத்தேன்.

பச்சைப் பட்டன் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. சிவப்பு கேஸ் கம்பெனி மாதிரி.

ஐஸ் பெட்டி புக் பண்ண நான் செய்கிற ஆப். ஆவூரில் ஒரு சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், நாற்காலி எல்லாம் எங்கள் கடைதான். இதுவரை அப்பா நம்பருக்குக் கூப்பிடுவார்கள்.

அப்பா போய் ஒரு மாதம் ஆகிறது.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கும் அண்ணன்தான் பந்தல் போட்டான். அப்பாவைப் பெட்டியில் கிடத்தி சுவிட்சைப் போட்டதும் அவன்தான். அடக்கம் முடிந்து வந்து, அதே பெட்டியைக் கழுவி அடுத்த துக்க வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனான்.

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

கல்நெஞ்சுக்காரன் என்றது ஊர். ஊர் கிடக்கட்டும். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. போன வாரம் கீரனூர் ரோட்டில் வண்டியைப் புளியமரத்தில் விட்டுவிட்டான். "இவரும் போயிருவாரோன்னு பயமா இருக்கு ஷர்லி" என்று பிளெஸ்ஸி அண்ணி என்னிடம் அழுதாள். எனக்கும் அதே பயம்தான்.

அதனால்தான் அரிவாள்மனையையும் ஒரு தட்டு வெங்காயத்தையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன்.

"புக் பண்றவங்க அழுதுக்கிட்டேதானண்ணே பாப்பாங்க? கண்ணுல தண்ணியோட பாத்து, எந்தக் கலர் தெரியுதுன்னு சொல்லு."

"இதுக்குத்தான் திருச்சில ஒனக்குச் சம்பளம் குடுக்குறாங்களாக்கும்?" என்றான். ஆனாலும் உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தான்.

கண் சிவந்தது. மூக்கை உறிஞ்சினான்.

சாம்பல் பட்டனைக் காட்டினேன். தெரியவில்லை என்றான்.

கருநீலம். தெரியவில்லை.

ஆரஞ்சு வைத்தேன். தெருமுனையில் நின்று பார்த்தாலும் தெரிகிற ஆரஞ்சு.

அதுவும் தெரியவில்லை என்றான். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "அப்பா" என்றான். தோள் குலுங்கக் குலுங்க அழுதான். ஐயோ, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். வெங்காயத்தைத் தொடாமலே நானும் அழுதேன்.

ரொம்ப நேரம் கழித்து, சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கருநீலம்னு நீயும் அண்ணியும் நேத்தே முடிவு பண்ணிட்டீங்கன்னு எனக்குத் தெரியும் பாப்பா" என்றான்.

அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.