ரோஜாப் பாத்தி

“என்னையும் பிள்ளைங்களையும் உள்ளங்கையில வெச்சுத் தாங்கின மனுஷன்,” என்று மூக்கைச் சிந்தினாள் பட்டாளத்துக்காரரின் மனைவி. “அந்த ரோஜாப் பாத்தி விஷயத்துல மட்டும்தான் முரடு. யாராவது கால் வெச்சா வீட்டையே ரெண்டாக்கிடுவார்.”

தோட்டத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

துக்கம் விசாரிக்க வந்திருந்த அவருடைய பட்டாளத்து நண்பர் டீயைக் கீழே வைத்தார்.

“எங்கேம்மா அந்தப் பாத்தி?”

“பின்வேலி ஓரம். முப்பது வருஷமா தூர நின்னு ஹோஸ்லதான் தண்ணி விட்டார். ஒரு களை பிடுங்கினதில்ல. நல்ல தோட்டக்காரர் போங்கண்ணே!” அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

நண்பர் சிரிக்கவில்லை.

“சண்டை முடிஞ்சதும் இங்கெல்லாம் கண்ணிவெடி எடுத்தது நாங்கதாம்மா. பின்வேலி ஓரம் ஒண்ணு மட்டும் கைவைக்க முடியாதபடி மாட்டிக்கிச்சு. மேலதிகாரிங்க காதுலயே போட்டுக்கல. ‘எவனாவது மிதிச்சிடுவான், நானே குடியிருந்து காவல் காக்கறேன்’னு அவன் இந்த மனையை வாங்கினான். பயப்படுவீங்கன்னு உங்ககிட்ட மூச்சே விடல போல.”

அவள் பதறி எழுந்தாள்.

பின்னாலிருந்து மகன் கத்தினான்:

“அம்மா! அப்பா நினைவா மரக்கன்னு வைக்க நீ சொன்ன அதே பாத்தியிலதான் தோண்டுறேன். ஏதோ இரும்பு தட்டுப்படுது. ஓங்கி ஒரு போடு போடட்டுமா?”