மேல் சாரத்துப் பூச்சு

ஈரச் சாக்குகளை அவிழ்த்து இழுத்ததும் நல்லேப்பிள்ளி அரிசி மில்லின் புது முன்சுவர் காலை வெயிலுக்கு முகம் காட்டியது.

மில் முதலாளி அப்புசாமி சுவரோடு கன்னத்தை ஒட்டி வைத்து, ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தார்.

கொத்தன் ரத்தினசாமி மூச்சை அடக்கி நின்றான்.

போன வருஷம் சித்தூரில் சாரத்திலிருந்து விழுந்தவன் அவன். எலும்பு கூடிவிட்டது. பேர் கூடவில்லை. இனி ரத்தினசாமி அடுப்பு மேடைக்குச் சாந்து பூசத்தான் ஆவான் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அந்த வாய்களை அடைக்க அவனிடம் இருந்தது இந்த ஒரு சுவர்தான்.

சுவருக்கு இரண்டு சாரம், மேலொன்று கீழொன்று.

தை மாதத்தில் மலைக் கணவாய் வழியே காற்று அடித்தால் பூச்சு பொசுக்கென்று காய்ந்துவிடும். மேல் பூச்சின் விளிம்பு காய்வதற்குள் கீழ்ப் பூச்சு வந்து தொட வேண்டும். தவறினால் குறுக்கே ஒரு கோடு விழும். சுவர் உள்ளவரை அதுவும் இருக்கும்.

அதனால் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. இரண்டும் ஒரே ஓட்டமாய் ஓட வேண்டும்.

கூட்டாளிக் கொத்தனோ பழனிக்குக் காவடி எடுத்துப் போய்விட்டான்.

சாந்து சுமக்க வந்த மனைவி மாராத்தாளின் கையில் ரத்தினசாமி பூச்சுக் கரண்டியைக் கொடுத்தான். காற்றுக்குக் கட்டிய சாக்கு ஊர்க் கண்ணையும் மறைத்தது. பலகை இடுக்கில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்க, ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை புருஷனும் பெண்டாட்டியும் பூசி முடித்தார்கள்.

கோடு விழவில்லை.

"ஒட்டு தெரியலீங்க மேஸ்திரி," அப்புசாமி கன்னத்தை எடுத்தார். "ஆனா இது ஒரே கை இல்லீங்களே. மேல முட்டையோடாட்ட இருக்குது. கீழ உழுத வயலாட்டக் கெடக்குது. கீழ பூசுனது ஆரு?"

நெல் மூட்டையோடு வந்திருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

ரத்தினசாமியின் காது மடல் சுட்டது. சொல்ல வந்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"மேல நானுங்க. கீழ... ஊட்டுக்காரிங்க."

"களி கிண்டற கையில கரண்டியக் குடுத்தா வேற எப்பிடி இருக்கும்?" என்றான் ஒரு வண்டிக்காரன். கொல்லென்று சிரிப்பு.

அப்புசாமி சிரிக்கவில்லை. சாந்துச் சட்டியை இடுப்பில் இடுக்கி நின்றவளைப் பார்த்தார்.

"ஏம்மா, பெர்மிட்டுக்கு நாயா அலைஞ்சு வாங்குன சிமென்ட்டு. உனக்கு வெளையாட்டாப் போச்சா?"

மாராத்தாள் கணவனைப் பார்த்தாள். அவன் தூக்குக்குண்டின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடிந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான்.

"தப்புத்தானுங்க," என்றாள் அவள். "மேல ஏற பயமுங்க. கீழ நின்னுங்கூட கை நடுங்கிருச்சுங்க."

"பயமிருந்தாச் சட்டியோட நிக்கோணும். இனிக் கரண்டியத் தொட்டறாத."

"சரிங்க."

அந்த நொடியே மறுபடி ஒரு சாரத்திலிருந்து விழுந்தால் தேவலை என்றிருந்தது ரத்தினசாமிக்கு.

அப்புசாமி அவன் தோளில் கை போட்டார். ஊரே பார்த்தது.

"கீழ மட்டும் கொத்தி எடுத்துட்டு நீங்களே பூசுங்க. கோடு விழுந்தாப் பட்டை வெச்சு மறைச்சுக்கலாம். மேல தொட்டறாதீங்க, அது தொழில்காரன் கை. அடுத்து என்ற ஊட்டுச் சுவரும் நீங்கதான்."

கூட்டம் மில்லுக்குள் போயிற்று. வண்டிக்காரன் போகிற போக்கில் ரத்தினசாமிக்கு ஒரு கும்பிடு போட்டான்.

இடுப்பளவே உயரமான கீழ்ச் சாரத்தில், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஏறினான் ரத்தினசாமி. ஒட்டுக்குக் கீழே உளியை வைத்தான். சுத்தியலை ஓங்கினான்.

மாராத்தாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். சாந்து கூட்டவா என்று கேட்பது போலத்தான் இருந்தது குரல்.

"மொதல்ல கரண்டியால ஒரு கீறு போட்டுட்டுக் கொத்துங்க. இல்லீன்னா மேல என்ற பூச்சும் சேந்து பேந்துருமுங்க."