வழிபாடு

செங்கல் சூளையில் கல் அடுக்குகிற ஞானப்பூவுக்கு வயசு நாற்பத்தாறு. கொஞ்ச நாளாக மாதவிலக்கு தப்பித் தப்பி வந்தது. சூளை வாயில் நின்றாலும் எரியாத உடம்பு, நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது குப்பென்று எரிந்தது. சபையில் ஜெபம் கேட்கலாமென்று பாஸ்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். “ஆம்பளைங்க இருக்கிற இடத்துல தூரம், தீட்டுன்னு வாயத் தொறந்துடாதடி. வேதத்துல அதுக்கு வழிபாடுன்னுதான் பேரு. அப்படியே சொல்லு” என்றார் அந்த அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஞானப்பூ எழுந்து நின்றாள். “பாஸ்டரய்யா, எனக்கு வழிபாடு சரியா வரல, நின்னுபோகுது. உடம்பெல்லாம் பத்தி எரியுது. ஜெபிச்சுக்குங்க.”

பாஸ்டர் வாலிபர். “வழிபாட்டை நிறுத்துறது யாரு? உள்ள எரியுறது யாரு?” என்று இறங்கி வந்து அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தார். பாயில் இருந்த சூளைப் பெண்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஆண்கள் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு எல்லாரும் “அல்லேலூயா” என்றார்கள். முன்வரிசையில் இருந்த பாஸ்டரம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

“உன் பேரென்ன, சொல்லு!”

“ஞானப்பூங்கய்யா.”

அறைந்தார். “பிசாசு பொய் சொல்லுது. உள்ள இருக்கிற உன் பேரைச் சொல்லு!”

“ஞானப்பூதாங்க.”

மறுபடி அறைந்தார். உதடு கிழிந்தது. வேறு ஏதாவது பேர் சொன்னால்தான் விடுவார் என்று அவளுக்குப் புரிந்தது. முன்வரிசையைப் பார்த்தாள். பாஸ்டரம்மாவின் பேரைச் சொன்னாள்.

ஓங்கின கை அப்படியே நிற்க, பாஸ்டர் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார்.